கீமோ பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக்கு எங்கே போவது?

தென் மாவட்ட நகரம் ஒன்றில், தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் 29 வயதுச் செவிலியர் எழுதியிருக்கும் கடிதம் இது. ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோவை முடித்து, பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கும் படித்தவர். ஐ.சி.யூ.வில் ஆறு வருட அனுபவம். எட்டு மாதத்துக்கு முன் அங்கே ஆறு படுக்கையுடன் கீமோ டே கேர் (புற்றுநோய் மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் பிரிவு) தொடங்கி, இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, பொறுப்பை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவர் வெளியூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறார். மருந்து கலப்பது இவர்தான், ஊசி போடும் அறையின் மேடையில்.

பன்னிரண்டு நாளுக்கு முன், மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் ஏற்றிக்கொண்டிருந்த 52 வயது அம்மா ஒருவர் பாதியில் "கை எரியுதும்மா" என்றிருக்கிறார். புறங்கையில் போட்ட வென்ஃப்ளானை (நரம்பில் செருகும் சிறு குழாய், அதாவது கேனுலா) உடனே எடுத்துவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அந்த இடம் சிவந்து கொப்புளம் கட்டியிருக்கிறது. "இன்சிடென்ட் ரிப்போர்ட் எல்லாம் எழுத வேண்டாம்" என்று மேலே சொல்லிவிட்டார்களாம்.

அவர் கேட்பவை: என் செவிலியர் பதிவுக்கு ஆபத்து வருமா? 38,000 ரூபாய்க்கு ஆறு மாத ஆன்லைன் 'ஆன்காலஜி நர்சிங் டிப்ளமோ' ஒன்று இருக்கிறது, சேரலாமா? மருத்துவமனையே ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பத் தயார், ஆனால் மூன்று வருட பாண்டும் (அங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். இரண்டு கிளவுஸ், மாஸ்க் போடுகிறேன், வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள், இது போதும்தானே?

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பைப் பற்றிப் பேசும் முன் அந்த அம்மாவின் கையைப் பார்ப்போம். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, இனி ஆறிவிடும் என்று காத்திருக்காதீர்கள். டாக்ஸோரூபிசின் நரம்புக்கு, அதாவது ரத்தக் குழாய்க்கு, வெளியே கசிந்தால் அங்குள்ள செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல் செத்து உடையும்போது வெளிவரும் மருந்து பக்கத்துச் செல்லைப் பிடிக்கும். அதனால்தான் இந்தப் புண் நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆழமாகிக்கொண்டே போகிறது. மேலே கொப்புளம் சின்னதாகத் தெரியும். அடியில் தசைநாண் வரை போயிருக்கலாம். புறங்கையில் சதை குறைவு என்பதால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். இன்றோ நாளையோ ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அதைப் பார்த்தாக வேண்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவருக்குப் படத்துடன் தகவல் அனுப்புங்கள். அடுத்த சைக்கிளுக்கு (அடுத்த சுற்று மருந்துக்கு) அந்தக் கையைத் தொடக் கூடாது. அவருக்கு இன்னும் பல சைக்கிள் பாக்கி இருந்தால், கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் சிறு கருவி) வைப்பதைப் பற்றிப் பேச இதுவே நேரம்.

அன்று எங்கே தவறியது?

நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. சாதாரண டிரிப்ஸ் இறங்காமல் கை வீங்கினால் நாம் செய்வதையே செய்தீர்கள்: கேனுலாவை எடுத்து, ஒத்தடம் கொடுத்தீர்கள். இந்த மருந்தில் அந்த இரண்டுமே எதிர்விளைவு தரும் என்பதை உங்களுக்கு யாரும் செய்துகாட்டவில்லை.

எரிச்சல் என்று நோயாளி சொன்ன நொடியில் மருந்தை நிறுத்த வேண்டும். கேனுலாவை எடுக்கக் கூடாது. டியூபை மட்டும் கழற்றி, சிரிஞ்சைப் பொருத்தி, அந்தக் கேனுலா வழியாகவே வெளியே நிற்கும் மருந்தில் எவ்வளவு வருமோ அவ்வளவையும் மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, சலைன் விட்டு ஃபிளஷ் செய்யவும் கூடாது. அதன் பிறகுதான் கேனுலாவை எடுப்பது. சிவந்த இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, படம் எடுத்து, நேரம் குறித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும்.

அடுத்து ஒத்தடம். டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் போன்ற சிவப்பு மருந்துகளுக்குக் குளிர் ஒத்தடம்: துணி சுற்றிய ஐஸ் பேக், ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நான்கு முறை, ஒன்றிரண்டு நாள். குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்து பரவாமல் நிறுத்தும். சூடு குழாயை விரித்து மருந்தைப் பரப்பிவிடும். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டினுக்கு நேர்மாறு: அங்கே சூடுதான் கொடுக்க வேண்டும், மருந்து கலைந்து போக வேண்டும். 'கீமோ வெளியே போனால் ஐஸ்' என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் வின்கிரிஸ்டினில் தவறுவதும் இதனால்தான். டாக்ஸோரூபிசினுக்கு முறிமருந்தாக டெக்ஸ்ராஸாக்ஸேன் உண்டு. கசிந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், மூன்று நாள் தொடர வேண்டும். உங்கள் ஊரில் அது கையிருப்பில் இருக்காது. எந்தப் பெரிய மருத்துவமனையில், எந்த மருந்தகத்தில் கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணை டே கேர் சுவரில் ஒட்டுங்கள். சம்பவம் நடந்த பிறகு தேடினால் ஆறு மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

தவறு உண்மையில் தொடங்கியது அதற்கும் முன்னால், புறங்கையில். திசுவை அரிக்கும் மருந்துக்கு முன்கையின் சதைப்பற்றுள்ள பகுதியில், அன்றைக்குப் புதிதாகப் போட்ட கேனுலா வேண்டும். மணிக்கட்டு, புறங்கை, முழங்கை மடிப்பு மூன்றும் கூடாது. நேற்றைய வென்ஃப்ளான் 'நல்லாத்தான் ஓடுது' என்றாலும் வேண்டாம். முதல் முயற்சி தவறினால் அதே நரம்பில் அதற்குக் கீழே குத்தக் கூடாது. மேலே உள்ள ஓட்டை வழியாக மருந்து கசியும். வேகமாக ஓடும் சலைனின் பக்கவாட்டு வழியில் சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு 2 முதல் 5 மி.லி.க்கும் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கை நரம்பில் இந்த மருந்தைப் பம்பில் போட்டுவிட்டு நகரக் கூடாது. பம்புக்கு நரம்பு எது, சதை எது என்று தெரியாது.

ரிப்போர்ட் எழுதாமல் விட்டால்

ஒரு கசிவு நடந்ததற்காகவே பதிவு ரத்தாகிவிடும் என்ற பயம் வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் கசிவு நடக்கக் கூடியது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு ஒரு புகார் வந்தால் முதலில் கேட்கப்படுவது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான். எழுதாத ரிப்போர்ட் அப்போது உங்களைக் காப்பாற்றாது. எழுத வேண்டாம் என்று வாயால் சொன்னவர் சொன்னதற்கும் எந்த ஆதாரமும் இருக்காது.

ஆகவே இன்றைய தேதியிட்டு எழுதுங்கள். மருந்தின் பெயர், எவ்வளவு உள்ளே போயிருந்தது, கேனுலா அளவும் இடமும், நோயாளி சொன்ன நேரம், நீங்கள் செய்தவை (வெந்நீர் ஒத்தடம் உட்பட), இப்போதைய நிலை, யாரிடம் சொன்னீர்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம், காரணமும் ஊகிக்க வேண்டாம். 'தாமதமாகப் பதிவு செய்யப்படுகிறது' என்று மேலேயே குறிப்பிடுங்கள். முன்தேதி போடுவதும் கேஸ் ஷீட்டில் இடைவரி சேர்ப்பதும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கசிவு ஒரு விபத்து. ஆவணத்தைத் திருத்தினால் அது குற்றமாகிவிடும்.

குழந்தையும் மேடையும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போன இந்தக் கேள்விதான். நேராகவே சொல்கிறேன்: போதாது. குழந்தைக்கு முயலும் காலத்திலும், கர்ப்பக் காலத்திலும், பாலூட்டும் காலத்திலும் நீங்கள் மருந்து கலக்கவே கூடாது. சிந்தியதைத் துடைக்கவும் கூடாது. கர்ப்பம் உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்கள், நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் தொடங்கிவிடும்.

சர்ஜிக்கல் மாஸ்க் மருந்தின் நுண்துளியைத் தடுக்காது. சாதாரண லேடெக்ஸ் கிளவுஸ் இரண்டு போட்டாலும் அது கீமோ கிளவுஸ் ஆகிவிடாது. பெட்டியில் 'ஏ.எஸ்.டி.எம். டி6978' என்று அச்சிட்ட, பவுடர் இல்லாத நைட்ரைல் கிளவுஸ்தான் கீமோ மருந்துகளுக்கென்று சோதிக்கப்பட்டது. அதையும் இரண்டாகப் போட்டு, அரை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வருடாந்திர ரத்தப் பரிசோதனை உங்களைப் பாதுகாக்கும் கருவி இல்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்து தெரியும் அளவுக்குப் போவதற்குள் நீங்கள் நீண்ட காலம் மருந்தைச் சுவாசித்திருப்பீர்கள்.

கலப்பதற்கு இரண்டாம் வகுப்பு உயிர்ப் பாதுகாப்புப் பேழை (பயோசேஃப்டி கேபினட்) வேண்டும், முடிந்தால் வெளிக்காற்றுக்குக் குழாய் வைத்தது. இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை. 'எங்களிடம் லேமினார் ஃபுளோ இருக்கிறதே' என்று வேறு பிரிவின் கிடைமட்டக் காற்றுப் பேழையைக் காட்டுவார்கள். அது மருந்தைக் காப்பாற்றும். ஆனால் காற்றை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும். கீமோவுக்கு அது வெறும் மேடையைவிட மோசம். பேழை வரும் வரை, மருந்தைக் கலந்து தரும் வசதியுள்ள மருந்தகத்திலிருந்து தயாராகப் பெறுவதுதான் வழி. எப்படியானாலும் டியூபை, மருந்து கலக்காத, அந்த மருந்துக்குப் பொருந்தும் திரவத்தால் நிரப்பிய பிறகே மருந்து சேர்க்க வேண்டும். படுக்கையருகே மருந்தாலேயே காற்றை வெளியேற்றும் பழக்கத்தில்தான் தினமும் கைமேல் துளி விழுகிறது.

காலிக் குப்பி, டியூப், கிளவுஸ் எல்லாம் மஞ்சள் பையில், சைட்டோடாக்ஸிக் (செல்லைக் கொல்லும் மருந்து) குறியுடன் போக வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி இந்த மருந்துக் கழிவை 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும். சாதாரண மஞ்சள் பையோடு கலந்துவிட்டால் எரிப்பவருக்கு அது தெரியாமலே போகும். நோயாளியின் சிறுநீர், வாந்தியை 48 மணி நேரம் கிளவுஸ் போட்டே கையாள வேண்டும் என்பதைத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சொல்லுங்கள். இந்தப் பாடத்தை அவர்களுக்கு யாரும் எடுப்பதில்லை.

நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட்டுக்கு எழுத்தில் கொடுங்கள்: 'குழந்தைக்குத் திட்டமிடுவதால் கலக்கும் பணியிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன், நோயாளி மதிப்பீடு, ரத்த அறிக்கை சரிபார்ப்பு, தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றை நான் செய்கிறேன்.' நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள்.

எந்தப் படிப்பு?

பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி கிரெடிட் மணி நேரம் நிறைந்துவிட்டதால் கீமோ கொடுக்கவும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த 5 ஆண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி, பதிவைப் புதுப்பிப்பதற்கானது. அதில் கீமோவைப் பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லாமலும் 150-ஐ நிரப்பலாம். கீமோ கொடுக்கத் தனி உரிமம் என்று நம் நாட்டில் இல்லை. மருத்துவமனைதான் உங்கள் கைத்திறனைச் சோதித்து, எழுத்தில் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். கீமோவைப் பாதுகாப்பாகத் தயாரிக்க வேண்டும், தகுதி பெற்றவர்களே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். வாரியத்தின் அளவுகோலிலும் இருக்கிறது. உங்கள் மருத்துவமனை அந்தச் சான்று வைத்திருந்தாலோ முயன்றுகொண்டிருந்தாலோ, உங்கள் கோரிக்கைக்கு அது நல்ல பிடி.

38,000 ரூபாய் ஆன்லைன் டிப்ளமோ வேண்டாம். கவுன்சிலின் பட்டியலில் இல்லாத படிப்பைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாது. அதைவிட, கேனுலா போடுவதையும் கசிவைக் கண்டுபிடிப்பதையும் திரையில் பார்த்துப் பழக முடியாது. நொய்டாவில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் இணையவழிப் பயிற்சிகள் நல்லவை. ஆனால் அவற்றின் மையம் ஆரம்பக் கண்டறிதலும் தடுப்பும். உங்கள் தேவை வேறு.

உங்களுக்கு ஏற்றது இந்திய நர்சிங் கவுன்சிலின் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இன் ஆன்காலஜி நர்சிங். பெரும்பகுதி வார்டிலும் டே கேரிலும் கதிர்வீச்சுப் பிரிவிலும் வேலை செய்தே படிப்பது. மும்பை டாடா மெமோரியல் போன்ற, நோயாளிகள் நிறைந்த இடத்தில் படித்தால் ஒரு வருடத்தில் பார்ப்பதை உங்கள் ஆறு படுக்கையில் பத்து வருடமானாலும் பார்க்க முடியாது. சேரும் முன் அந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டுக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். முடித்ததும் மாநிலக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியுங்கள். எம்.எஸ்சி. நர்சிங்கில் ஆன்காலஜி எடுப்பது ஆசிரியப் பணிக்குப் போக விரும்பினால் சரி.

அமெரிக்காவின் ஓ.சி.என். (புற்றுநோய்ச் செவிலியர் சான்றிதழ்) தேர்வைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு அமெரிக்கா அல்லது கனடாவின் செவிலியர் உரிமம் முதலில் வேண்டும். இங்கிருந்து நேராக எழுத முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆனால் குழந்தைக்கு முயலும் இந்த நேரத்தில் ஓராண்டு கீமோ வார்டு பொருந்தாது. இப்போது வலி நிவாரணச் சிகிச்சைக்கான செவிலியர் பயிற்சியை முடியுங்கள். திருவனந்தபுரம் பாலியம் இந்தியா போன்ற இடங்களில் சில வாரப் பயிற்சிகள் உண்டு. மார்ஃபினை எப்படிக் கொடுப்பது, மலச்சிக்கலுக்கு மருந்தைக் கூடவே ஏன் தொடங்க வேண்டும், கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் கீமோ டே கேரில் தினமும் தேவைப்படும். டிப்ளமோவைப் பிறகு செய்யலாம்.

பாண்டும் ஒரிஜினலும்

'பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது, தைரியமாகப் போடு' என்று தோழிகள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கான பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாண்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. ஆகவே பேரம் பேச இடம் இருக்கிறது. கல்விக் கட்டணம் யார் கட்டுவது, அந்த வருடம் சம்பளம் உண்டா, பணிக்காலம் எப்போது தொடங்கும், பேறுகால விடுப்பு அதில் கழியுமா, நடுவில் விலகினால் தொகை மாதாமாதம் குறையுமா என்று ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று வருடத்தை இரண்டாகக் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ் மட்டும் வேண்டாம். சரிபார்க்கக் காட்டிவிட்டு, சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். அதற்கு ஒப்பவில்லை என்றால் அந்தப் படிப்பை அவர்கள் செலவில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

அதுவரை டே கேரில்

படிப்பு எப்போது என்றாலும் நோயாளிகள் நாளையும் வருவார்கள். உங்கள் மருத்துவரின் சிபாரிசில் ஒரு பெரிய புற்றுநோய் மையத்தில் நான்கு வாரம் உடனிருந்து பழக அனுப்பச் சொல்லுங்கள், உங்களோடு இன்னொரு செவிலியரையும் சேர்த்து. நீங்கள் கலக்கும் பணியிலிருந்து விலகும்போது அவர்தான் நிற்க வேண்டும். கலப்பதை அங்கே அவர் பழகட்டும். நீங்கள் பேழைக்கு வெளியே நின்று மற்றதைப் பழகுங்கள். திரும்பும்போது வெறும் பங்கேற்புச் சான்றிதழ் வாங்கி வராதீர்கள். செய்ததைப் பார்த்த மூத்த செவிலியரின் கையெழுத்துடன் ஒரு பட்டியல் வாங்கி வாருங்கள்: அரிக்கும் மருந்து செலுத்தியது எத்தனை, போர்ட்டில் அதற்கென உள்ள ஹியூபர் ஊசி போட்டது எத்தனை, சிந்தியதைச் சுத்தம் செய்த ஒத்திகை, பேக்லிடாக்செல் மருந்தால் வரும் ஒவ்வாமையைக் கையாண்டது.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் உயரத்தையும் எடையையும் நீங்களே அளவிடுங்கள்; நோயாளி சொல்வதை எழுதாதீர்கள். உயரத்தை எடையால் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு. 160 செ.மீ., 50 கிலோ என்றால் 1.49; சதுர மீட்டருக்கு 60 மி.கி. டாக்ஸோரூபிசின் என்றால் 89 மி.கி. மூன்று சைக்கிளில் எடை 42 கிலோவாக இறங்கியிருந்தால் 1.37, அதாவது 82 மி.கி. பழைய அளவையே நகலெடுத்திருந்தால் மருத்துவரிடம் கேட்பது உங்கள் கடமை. இதை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. ஆக்ஸாலிபிளாட்டின் டெக்ஸ்ட்ரோஸில் மட்டும், சலைனில் கூடாது. வின்கிரிஸ்டின் சிரிஞ்சில் கூடவே கூடாது, 50 மி.லி. சிறு பையில்தான், தவறுதலாக முதுகுத் தண்டில் செலுத்தப்பட்டு உயிர்கள் போனதால் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் விடுத்த எச்சரிக்கை அது.

கடைசியாக, கேஷுவாலிட்டிக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். உங்கள் டே கேர் மாலையில் பூட்டிவிடும். கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும்போது காய்ச்சல் வருவது நள்ளிரவில். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே முறை 100.9-ஐத் தொட்டாலோ அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ரத்தம் எடுத்து, அறிக்கைக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாரசிட்டமால் கொடுத்து 'காலையில் வாங்க' என்று அனுப்பிவிடும் டியூட்டி டாக்டருக்கு இதைச் சொல்ல உங்கள் ஊரில் இப்போதைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஓர் அட்டை கொடுத்தனுப்புங்கள்: 'எனக்குக் கீமோ நடக்கிறது. கடைசியாக ஏற்றிய தேதி இது. காய்ச்சல் என்றால் உடனே பாருங்கள்.' கீழே மருத்துவரின் எண்ணும் டே கேரின் எண்ணும்.